அந்த மூன்று வரிப் பதில்

கேள்வி இரண்டே வரிதான். "டூல் அருமையாக வேலை செய்கிறது. ஆனால் இருநூறு கணக்குகளைத் தாண்டியதும் அவர்கள் என் ஐபியைத் தடுத்துவிடுகிறார்கள், என்ன செய்யலாம்?" ஐபி என்பது இணையத்தில் அவர் கணினியின் முகவரி. நான் பொதுவெளியில் வைத்திருந்த ஒரு பாதுகாப்புச் சோதனை டூலின் பக்கத்தில், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில், முகம் தெரியாத ஒருவர் கேட்டிருந்தார். நள்ளிரவை நெருங்கிய நேரம். விடை எனக்குத் தெரியும் என்பதாலேயே அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. முயற்சிகளை எப்படிப் பிரித்து அனுப்புவது, நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது, எந்த அமைப்பை மாற்றுவது என்று மூன்று வரியில் பதில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தபோது பதிலுக்குக் கீழே கட்டைவிரல் உயர்த்திய ஒரு குறி மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு அவர் எதுவும் எழுதவில்லை.

"அவர்கள்" என்ற சொல் அன்று இரவு என் கண்ணில் படவே இல்லை. இரண்டு நாள் கழித்து வேறு ஏதோ தேடும்போது மறுபடி அந்தக் கேள்வியைப் படித்தேன், அப்போதுதான் உறைத்தது. சொந்த நிறுவனத்தைச் சோதிக்கிறவர் "எங்கள் ஃபயர்வால் தடுக்கிறது" என்பார். வாடிக்கையாளருக்காகச் சோதிக்கிறவர் "கிளையன்ட் பக்கம் தடுக்கிறார்கள், அவர்களிடம் கேட்கலாமா" என்பார். அனுமதியோடு செய்கிறவருக்கு ஐபியைத் தடுப்பது பெரிய பிரச்சினையே இல்லை, ஒரு போன் போட்டால் திறந்துவிடுவார்கள். போன் போட முடியாதவர்தான் என்னிடம் வந்து கேட்க வேண்டும். இவ்வளவும் ஒரு சொல்லில் இருந்தது. நான் அதைத் தாண்டிப் போய்ப் பதில் சொல்லியிருக்கிறேன், என் பெயரில், தேதி நேரத்தோடு.

டூல் என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே கணக்கில் நூறு பாஸ்வேர்டைப் போட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளும். அதனால் தாக்குகிறவர்கள் ஒரே பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டு நூறு கணக்கில் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு லாகின் பக்கம் இதைக் கண்டுபிடிக்கிறதா இல்லையா என்று சோதிப்பதுதான் என் டூலின் வேலை. இதே வேலையைச் செய்கிற டூல்கள் ஏற்கெனவே பல உண்டு. நான் எழுதியதில் அறிக்கை சுத்தமாக வரும், அவ்வளவுதான் புதுமை. மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இரண்டு மாலைப்பொழுதுகள் செலவழித்துச் சரிசெய்து வெளியிட்டேன். யாரும் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்னும் எம்ஐடி உரிமம் வைத்தேன். டூலின் அறிமுகக் கோப்பான ரீட்மீயின் கடைசியில், எல்லோரும் எழுதுவதுபோல், "கல்வி நோக்கத்துக்கு மட்டும். தவறாகப் பயன்படுத்தினால் ஆசிரியர் பொறுப்பல்ல" என்று ஒரு வரி போட்டேன். அந்த வரியைப் போட்ட பிறகு சட்டம் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துவிட்டது.

நிரலைத் திறக்காத வழக்கறிஞர்

என் கல்லூரித் தோழி ஒருத்தி வழக்கறிஞர். கணினிக் குற்ற வழக்குகளில் பழக்கம் உள்ளவள். அவளிடம் நடந்ததைச் சொன்னபோது டூலைப் பற்றி நீளமாக விளக்கத் தயாராக இருந்தேன். அவள் விளக்கத்தைக் கேட்கவில்லை. "நீ எழுதின வார்த்தை எல்லாத்தையும் எனக்கு அனுப்பு" என்றாள். சோர்ஸ் கோட் அனுப்பவா என்றேன். "அது வேண்டாம். ரீட்மீ, மாற்றங்களுக்கு நீ போட்ட குறிப்பு, ஆட்களுக்கு நீ சொன்ன பதில், இதைப் பத்தி நீ எங்கேயாவது பேசியிருந்தா அந்த ஸ்லைடு. அதெல்லாம்."

அனுப்பினேன். அன்று மாலை பேசினோம். அவள் மூன்று இடங்களைக் குறித்து வைத்திருந்தாள். முதலாவது, நான்கு மாதத்துக்கு முன் ஒரு மாற்றத்தைச் சேமிக்கும்போது நான் எழுதிய கமிட் குறிப்பு: "இனி யாராலும் பிடிக்க முடியாது". முயற்சிகளுக்கு இடையே இடைவெளியைத் தாறுமாறாக்கும் வசதியைச் சேர்த்த உற்சாகத்தில் எழுதியது. இரண்டாவது, ரீட்மீயில் வசதிகளின் பட்டியலில் முதல் வரியாக "கண்காணிப்பைத் தவிர்க்கும்" என்றிருந்தது. மூன்றாவது அந்த மூன்று வரிப் பதில். "இந்த மூணையும் ஒரே தாள்ல வரிசையா வச்சுப் படி. உன்னைத் தெரியாத ஒருத்தர் படிச்சா, இது யாருக்காகச் செய்ததுன்னு நினைப்பார்?" என்று கேட்டாள்.

நான் ரீட்மீயின் கடைசி வரியைக் காட்டினேன். "அது எல்லாரும் போடுறது. எல்லாரும் போடுறதால அதுக்கு எடை கம்மி. நீ மட்டும் எழுதினது எது, அதைத்தான் பார்ப்பாங்க" என்றாள்.

இத்தனை நாளாக நான் இந்த விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தேன். டூலால் என்ன செய்ய முடியும் என்பதுதான் சட்டத்தின் கவலை, அதைச் சுற்றி எழுதும் சொற்கள் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஒரே நிரல் காவலாளிக்கும் உதவும், திருடனுக்கும் உதவும். நிரலை மட்டும் வைத்து நீதிமன்றத்தாலும் பெரும்பாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. அப்போது பிரிப்பதற்கு எஞ்சி நிற்பது உள்நோக்கம் ஒன்றுதான். உள்நோக்கம் மனத்துக்குள் இருப்பது, அதை யாரும் திறந்து பார்க்க முடியாது. ஆகவே நாம் வெளியே விட்டுவைத்த சொற்களிலிருந்துதான் அதை எடுப்பார்கள்.

மூன்று சட்டங்கள், ஒரே கேள்வி

அந்த உரையாடலுக்குப் பிறகு சில வாரங்கள் சட்டப் பிரிவுகளைப் படித்தேன். நான் வழக்கறிஞர் இல்லை, இது யாருக்கும் சட்ட ஆலோசனையும் இல்லை. ஆனால் படிக்கப் படிக்க அவள் கேட்ட அதே கேள்வி வெவ்வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வந்தது.

2001-இல் கையெழுத்துக்கு வந்த புடாபெஸ்ட் உடன்படிக்கைதான் பல நாடுகளின் சட்டங்களுக்கு அடிப்படை. அதன் 6-ஆம் பிரிவு, குற்றத்துக்காகவே "முதன்மையாக" வடிவமைத்த கருவிகளை, குற்றத்துக்குப் பயன்பட வேண்டும் என்ற நோக்கத்தோடு உருவாக்குவதையும் பரப்புவதையும் தண்டிக்கச் சொல்கிறது. அதே பிரிவின் இரண்டாவது பத்தி, அனுமதி பெற்ற சோதனைக்கும் பாதுகாப்புக்கும் இது பொருந்தாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. எழுதியவர்கள் நம்மைப் போன்றவர்களை மறக்கவில்லை என்று அந்தப் பத்தியைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது.

அந்த உடன்படிக்கையை வைத்து ஜெர்மனி 2007-இல் தன் தண்டனைச் சட்டத்தில் 202சி என்ற பிரிவைச் சேர்த்தது. குற்றம் செய்வதையே நோக்கமாகக் கொண்ட நிரல்களை உருவாக்குவதும் பரப்புவதும் குற்றம் என்றது. "நிரலின் நோக்கம்" என்றால் என்ன என்று யாருக்கும் விளங்கவில்லை. பயத்தில் சிலர் தங்கள் டூல்களை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், சிலர் வேறு நாட்டுக்கு மாற்றினார்கள். 2009-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் இதற்கு விளக்கம் தந்தது. ஒரு நிரலைக் குற்றத்துக்குப் பயன்படுத்த முடியும் என்பது மட்டும் போதாது. குற்றம் செய்யும் எண்ணத்தோடு அது உருவாக்கப்பட்டிருக்க வேண்டும், அந்த எண்ணம் வெளியே புலப்படும்படி இருக்க வேண்டும். எங்கே புலப்படும்? நிரலின் அமைப்பிலேயே புலப்படலாம், அல்லது அதை விற்கும், விளம்பரப்படுத்தும் விதத்தில் புலப்படலாம் என்றது நீதிமன்றம். இதைப் படித்தபோது என் "யாராலும் பிடிக்க முடியாது" நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசைந்தது. என்னைப் பொறுத்தவரை அது உற்சாகம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது விளம்பரம்.

பிரிட்டனின் சட்டம் இன்னும் ஒரு படி நெருங்கி வருகிறது. 1990-ஆம் ஆண்டுக் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் பின்னால் சேர்ந்த 3ஏ பிரிவில், கொடுப்பவருக்குக் குற்ற நோக்கம் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. குற்றத்துக்குப் பயன்படுத்தப்பட வாய்ப்புண்டு என்று நம்பிக்கொண்டே கொடுத்தாலும் குற்றம். பாதுகாப்புத் துறையில் இருக்கிற யாருக்குத்தான் அந்த நம்பிக்கை இல்லை? எல்லா டூலையும் எங்கோ யாரோ தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் அரசு வழக்கறிஞர்களுக்கான வழிகாட்டுதல், அந்தப் பொருள் குற்றத்துக்காக மட்டுமே உருவானதா, நேர்மையான வேலைக்கும் பரவலாகப் பயன்படுகிறதா, எந்தச் சூழலில் கைமாறியது என்றெல்லாம் பார்க்கச் சொல்கிறது. பொதுவாக வெளியிட்டுவிட்டு ஒதுங்கியிருப்பது ஒன்று. குறிப்பிட்ட ஓர் ஆள் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு கேட்கும்போது வழி சொல்வது வேறு. நான் இரண்டாவதைச் செய்திருந்தேன்.

நானோகோர் என்னும் கதை

அமெரிக்காவில் இப்படி டூலையே குறிவைக்கும் பொதுச் சட்டம் இல்லை. அங்கே குற்றத்துக்குத் துணைபோனது என்ற பழைய வழியில் வருவார்கள். அதற்கு என்னை உறங்கவிடாத எடுத்துக்காட்டு நானோகோர். தொலைவிலிருந்து கணினியை நிர்வகிக்கும் மென்பொருள். அதை எழுதியவர் இளைஞர், தனியாக இருந்து எழுதி 25 டாலருக்கு விற்றார். தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லியும் வைத்திருந்தார், தவறு செய்தவர்கள் சிலரின் உரிமத்தை முடக்கியதாகவும் சொன்னார். யாருடைய கணினிக்குள்ளும் அவர் நேரடியாக நுழையவில்லை. ஆனாலும் 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2018-இல் 33 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

ஏன்? அவர் அதை விற்ற இடம் ஹேக்ஃபோரம்ஸ், ஹேக்கிங் பற்றிப் பேசும் இணைய மன்றம். அங்கே வருகிறவர்கள் பலர் எதற்காக வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது, வாங்குகிறவர்களில் சிலர் அடுத்தவர் கணினிக்குள் நுழையத்தான் வாங்குகிறார்கள் என்று தெரிந்தே விற்றதாக அவரே ஒப்புக்கொண்டார். இதே வேலையைச் செய்யும் மென்பொருள்களைப் பெரிய நிறுவனங்கள் பகிரங்கமாக விற்கின்றன. செயலில் பெரிய வேறுபாடு இல்லை. கடை எங்கே போட்டார், யாரிடம் பேசினார், என்ன தெரிந்திருந்தும் தொடர்ந்தார் என்பதில்தான் வேறுபாடு.

மறுபக்கம் மெட்டாஸ்ப்ளாய்ட்டைப் பாருங்கள். 2003-இல் வந்தது, தாக்குதல் நிரல்களைத் திரட்டியே வைத்திருக்கிறது, உலகெங்கும் சோதனையாளர்களும் பயன்படுத்துகிறார்கள், திருடர்களும் பயன்படுத்துகிறார்கள். மிமிகாட்ஸ் விண்டோஸ் நினைவகத்திலிருந்து பாஸ்வேர்டை எடுத்துக் காட்டுகிறது. 2017-இல் உலகெங்கும் கணினிகளை முடக்கிய நாட்பெட்யா தாக்குதலில் அதன் நுட்பமும் இருந்தது. ஆனாலும் இவற்றை எழுதியவர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. என் பார்வையில், இவர்கள் ஆரம்பத்திலிருந்தே யாரிடம் பேசினார்கள் என்பதில்தான் காரணம் இருக்கிறது. பாதுகாப்பு மாநாடுகளில் பேசினார்கள், ஓட்டை எங்கே என்று தயாரிப்பாளர்களுக்குக் காட்டினார்கள், பாதுகாப்பவர்களுக்காக ஆவணங்களை எழுதினார்கள். இது சட்டம் தரும் உத்தரவாதம் என்று சொல்ல மாட்டேன். நல்ல எண்ணத்தோடு வெளியிட்டவர்களும் அடிபட்டிருக்கிறார்கள். 1995-இல் சாட்டான் என்ற வலையமைப்புச் சோதனை டூல் வெளிவந்தபோது அதை எழுதிய இருவரில் ஒருவர் வேலையையே இழந்தார்.

நாட்டு எல்லை இதில் இன்னொரு சிக்கல். ரஷ்ய நிரலாளர் திமித்ரி ஸ்க்லியாரவ் தன் நாட்டில் சட்டப்படி எழுதிய மின்னூல் பூட்டு திறக்கும் மென்பொருளுக்காக 2001 ஜூலையில், அமெரிக்காவில் ஒரு மாநாட்டில் பேசிவிட்டுத் திரும்பும்போது கைதானார். அவர் மீது வைத்த சட்டம் கணினி ஊடுருவல் பற்றியதே அல்ல, 1998-இன் டிஎம்சிஏ என்னும் பதிப்புரிமைச் சட்டம். அவர் வேலை செய்த நிறுவனத்தை 2002 டிசம்பரில் நடுவர் குழு விடுவித்தது. நாம் ஓர் ஊரில் உட்கார்ந்து வெளியிடுகிறோம், அது எல்லா ஊரிலும் இறங்குகிறது. அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு ஆய்வுக்கென விலக்குகள் பிற்பாடு வந்தன. ஆனால் அவை பூட்டைத் திறந்து பார்க்கும் செயலுக்குத்தான், திறக்கும் கருவியை மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு அல்ல. வெளியிடுகிறவர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இது.

உரிமம் எதைக் காக்கும்

எம்ஐடி உரிமத்தின் கடைசிப் பத்தியை நான் முன்பு ஒருமுறைகூட முழுதாகப் படித்ததில்லை. உள்ளது உள்ளபடி தருகிறேன், எந்த உத்தரவாதமும் இல்லை, இழப்பு நேர்ந்தால் நான் பொறுப்பில்லை என்கிறது அது. என் டூல் யாருடைய சர்வரையாவது படுக்கவைத்து அவர் நட்டஈடு கேட்டு வந்தால் அந்தப் பத்தி துணைக்கு வரும். ஆனால் அது எனக்கும் பயன்படுத்துகிறவருக்கும் இடையே உள்ள பேச்சு. குற்ற வழக்கு அரசு தொடுப்பது, அரசு அந்த உரிமத்தை ஏற்றுக்கொண்டு டூலை இறக்கியதில்லை. தாக்கப்பட்ட நிறுவனமும் ஏற்றுக்கொண்டதில்லை.

அப்படியானால் உரிமத்திலேயே "அனுமதியின்றிச் சோதிக்கக் கூடாது" என்று ஒரு விதி சேர்க்கலாமா என்று யோசித்தேன். அதில் ஒரு விலை இருக்கிறது. எந்தத் துறையிலும் எந்தப் பயனுக்கும் தடை போடாததுதான் ஓப்பன் சோர்ஸ் என்று அதன் வரையறையே சொல்கிறது. "நல்லதற்கு மட்டும், தீயதற்கு அல்ல" என்று ஒரு வரி சேர்த்த ஜேசான் உரிமத்தை அதனாலேயே பலர் ஓப்பன் சோர்ஸாக ஏற்கவில்லை. அந்த விதியைப் பார்த்து நிற்கப்போகிற திருடனும் யாரும் இல்லை. உரிமத்தை அப்படியே விட்டேன். அந்த வாக்கியத்தை ரீட்மீயின் முதல் பத்திக்குக் கொண்டுவந்தேன், யாருக்காக எழுதப்பட்டது, எழுத்தில் அனுமதி இல்லாமல் ஏன் ஓட்டக் கூடாது என்பதோடு.

உண்மையில் என்னை அதிகம் கலங்கவைத்தது இதெல்லாம் இல்லை. தோழி போகிறபோக்கில் கேட்ட ஒரு கேள்வி: "இது உன்னோடதுதானா?" முதல் வடிவத்தை நான் எழுதியது வேலை நேரத்தில், ஒரு வாடிக்கையாளர் சோதனையின்போது. வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். பணிக்காலத்தில் பணி தொடர்பாக நான் உருவாக்கும் எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று தெளிவாக எழுதியிருந்தது, கையெழுத்தும் என்னுடையது. எனக்குச் சொந்தமில்லாத ஒன்றுக்கு எம்ஐடி உரிமம் கொடுத்திருக்கிறேன். அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்யும் கிட் வரலாற்றில் ஆறாவது கமிட்டில், ஒரு எடுத்துக்காட்டுக் கோப்பில், அந்த வாடிக்கையாளரின் உள் சர்வர் பெயர்கள் இரண்டு இருந்தன. மறுநாளே நான் அவற்றை நீக்கியிருந்தேன், ஆனால் வரலாற்றிலிருந்து அல்ல. ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்ட தகவல் பதினோரு மாதம் உலகம் பார்க்கக் கிடந்திருக்கிறது. வரலாற்றை மாற்றி எழுதினேன். ஆனால் அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் பிரதி எடுத்திருந்தார்கள், அந்தப் பிரதிகள் என் கையில் இல்லை.

என் மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், அவர் முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கச் சொன்னார். அவர்கள் அந்தச் சர்வர்களின் பெயரை மாற்றிக்கொண்டார்கள். நிறுவனம் டூலை வெளியிட எழுத்தில் ஒப்புதல் தந்தது, இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் பக்கத்தை மூடி வைத்திருந்தேன்.

ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்காகப் பல நாடுகள் செய்துகொண்ட வாசனார் ஏற்பாட்டில் 2013-இல் ஊடுருவல் மென்பொருளைச் சேர்த்தபோது பெரிய பதற்றம் இருந்தது, 2017-இல் ஓட்டைகளைத் தெரியப்படுத்துவதற்கும் தாக்குதலை எதிர்கொள்வதற்கும் விலக்குகள் சேர்த்தார்கள். எல்லோருக்கும் திறந்து வைத்ததற்குப் பொதுவாக இந்தக் கட்டுப்பாடு இல்லை, ஒருவருக்குத் தனியாக விற்கும்போதுதான் கேள்வி வரும். அப்புறம் கிட்ஹப்பின் சொந்த விதிகள். 2021 மார்ச்சில், மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்சில் இருந்த ஓட்டைக்கான மாதிரித் தாக்குதல் நிரல் ஒன்றை எடுத்துவிட்டுப் பெரிய விவாதத்தில் சிக்கினார்கள். அந்த ஆண்டு ஜூனில், இருவகைக்கும் பயன்படும் நிரல்களை அனுமதிக்கிறோம், நடந்துகொண்டிருக்கும் தாக்குதலுக்கு உதவுவதை அல்ல என்று விதியைத் தெளிவாக்கினார்கள். அதுவும் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறது.

மறுபடி திறந்தபோது

டூலை மறுபடி வெளியிடும்போது சில மாற்றங்கள் செய்தேன். இடைவெளியைத் தாறுமாறாக்கும் வசதியை எடுக்கவில்லை, கண்காணிப்பு வேலை செய்கிறதா என்று சோதிக்க அது உண்மையாகவே தேவை. ஆனால் அது தானாக இயங்காது. ஒவ்வொரு முயற்சியிலும் டூலின் பெயரும், சோதிப்பவர் தரும் தொடர்பு முகவரியும் போகும்படி இயல்புநிலையை வைத்தேன். சர்வர் பதிவுகளைப் பார்க்கும் நிர்வாகிக்கு யார் தட்டுகிறார்கள் என்று தெரியும். நிரல் திறந்தே இருப்பதால் யார் வேண்டுமானாலும் இதை மாற்றிக்கொள்ளலாம், எனக்கு அது தெரியும். ஆனால் மாற்றியது அவர் கை என்பது பதிவாகும். கமிட் குறிப்புகளை மட்டும் திருத்தவில்லை. தோழி கண்டிப்பாக வேண்டாம் என்றாள். வாடிக்கையாளரின் ரகசியத்தை மறைப்பது கடமை, நான் எழுதியதை மறைப்பது வேறு, அது நன்றாகத் தோன்றாது என்றாள். அந்த மூன்று வரிப் பதிலும் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே, இந்தப் பதிலை நான் சொல்லியிருக்கக் கூடாது, அனுமதி இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் எழுதினேன். கட்டைவிரல் காட்டிய அந்த ஆள் என்ன ஆனார், அந்த "அவர்கள்" யார், எனக்கு இன்றுவரை தெரியாது. சில இரவுகளில் அதை நினைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் கிட்டத்தட்ட அதே கேள்வி வேறொருவரிடமிருந்து வந்தது. பாதியில் தடுக்கிறார்கள், எப்படித் தொடர்வது? பதில் எழுத உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். அனுமதி இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் யாரும் சொல்வார்கள், திரைக்கு இந்தப் பக்கமிருந்து என்னால் சரிபார்க்க முடியாது. கடைசியில் இப்படி எழுதினேன்: "சோதனை நடக்கும் நாட்களுக்கு மட்டும் உங்கள் ஐபியை ஃபயர்வாலின் விலக்குப் பட்டியலில் சேர்க்கும்படி அந்த அமைப்பின் நிர்வாகியிடம் கேளுங்கள். தடுத்த நேரத்தை அறிக்கையில் குறித்துவையுங்கள், அவர்களின் கண்காணிப்பு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சான்று."

மறுநாள் பதில் வந்தது. நிர்வாகி சேர்த்துவிட்டார், மீதிக் கணக்குகளையும் சோதித்து முடித்தோம், அறிக்கையில் நேரம் தவறாக வருகிறது, அதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருந்தார். உண்மையான பிழைதான். அன்று மாலையே சரிசெய்தேன். கமிட் குறிப்பில் "அறிக்கையில் நேர மண்டலப் பிழை திருத்தம்" என்று எழுதினேன்.